வலது பக்கம் அளக்காமல் விட்டது

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. இதயத்தின் பெருந்தமனி வால்வு எந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று எக்கோ கருவியால் அளக்கும்போது, மார்பில் ஒரே இடத்தில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. இடது பக்கம், விலாவுக்குக் கீழே, கழுத்துக் குழி, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து வலது பக்கம் என்று எல்லா இடங்களிலிருந்தும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஓர் எண் வரும். அவற்றில் பெரியதைத்தான் எழுத வேண்டும். சராசரி போடக் கூடாது.

காரணமும் எளிது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறும். வால்வு சுருங்கினால் இரத்தமும் அப்படித்தான் சீறுகிறது. எவ்வளவு வேகமாகச் சீறுகிறதோ அவ்வளவு சுருக்கம். அந்தச் சீற்றத்தைக் கருவி நேருக்கு நேராகப் பார்த்தால் உண்மையான வேகம் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் குறைவாகத் தெரியும். கோணம் தவறினால் எண் இறங்குமே தவிர ஏறாது.

இந்த விதியை நான் அறிந்துகொண்டபோது என் மனைவிக்கு முதல் ஸ்கேன் முடிந்து மாதங்கள் ஓடியிருந்தன. அதுதான் எனக்கு வேடிக்கை. நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெருந்துறை சிப்காட்டில் லாரி எடைமேடைகளைச் சோதிக்கப் போகும்போதெல்லாம் முதலாளிகள் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு, "நடுவுல வெச்சுப் பாருங்க சார், சுத்தமா இருக்குமுங்க" என்பார்கள். நடுவில் எல்லா மேடையும் சுத்தம்தான். சோதனைக் கல்லை நான்கு மூலைக்கும் இழுத்துக்கொண்டு போய் வைக்கச் சொல்வேன். ஏதாவது ஒரு மூலையில் குட்டு வெளிப்படும். பணிக்காலம் முழுக்க மூலைகளைப் பார்த்தவனுக்கு, தன் வீட்டில் ஒரு மூலையைப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் ஸ்கேன் ஐப்பசியில், தீபாவளி முடிந்த வாரத்தில். காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று எக்கோ எடுக்கச் சொன்னார். நகரத்துக்குள் ஒரு சிறிய ஸ்கேன் சென்டர். கதவில் 'உடன் வந்தவர்கள் வெளியே காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தது. அறிவிப்புப் பலகைகளுக்குக் கீழ்ப்படிவது என் பழக்கம், வெளியே காத்திருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க டெக்னீஷியன் வெளியே வந்து, "முடிஞ்சுதுங்க சார், அம்மா நல்லா ஒத்துழைச்சாங்க" என்றார். அறிக்கையில் 'மிதமான சுருக்கம்' என்றிருந்தது. ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றார்கள். அரசு அலுவலகத்தில் மிதமான என்ற சொல்லுக்கு, கோப்பை இப்போதைக்குக் கட்டி வைக்கலாம் என்று பொருள். நானும் கட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றங்கள் நடந்தன. மொட்டை மாடியில் இருந்த துணிக்கொடி போர்ட்டிகோவுக்கு இறங்கி வந்தது. "மேல கொரங்கு வந்து துணிய இழுத்துப்போட்டுப் போகுதுங்க" என்றாள். எங்கள் வீடு வடவள்ளியில், மலை பக்கத்தில்தான். குரங்கு வருவது நடக்கக்கூடியதே. கிருத்திகைக்கு மருதமலை படியேறுகிறவள் பஸ்ஸில் ஏறினாள். "படியில வரவர கூட்டமுங்க." உழவர் சந்தையை விட்டுவிட்டு, வாசலுக்கு வரும் வண்டியில் காய் வாங்கத் தொடங்கினாள். "அவரும் பொழைக்கோணுமில்லீங்க." ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டேன். வயதாக ஆக வீட்டு நிர்வாகம் இவளுக்குக் கைவந்துவிட்டது என்று பாராட்டவும் செய்தேன். அவள் மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக வாழ்க்கையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்காமல் போனது அதனால்தான்.

மாசியில் அவளுடைய அண்ணன் மகனுக்கு அவிநாசியில் கல்யாணம். அண்ணன் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தைக்கு வேலை அதிகம். சீர்த்தட்டு எடுக்க வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். தேங்காயும் பழமும் அடுக்கிய தட்டோடு மண்டபத்தின் படிகளில் ஏறியவள் மேல்படியில் நின்றாள். தட்டைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பதறாமல் கொடுத்தாள். அப்புறம்தான் விழுந்தாள். ஒரு தேங்காய்கூட உருளவில்லை. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "வெயிலுங்க" என்றாள். மண்டபத்துக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

உறவுக்காரர் ஒருவர் சொல்லி ஓர் இதய டாக்டரிடம் போனோம். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், வயது நாற்பதுக்குள். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பழைய அறிக்கையைப் பார்த்தார். மறுபடி கேட்டார்.

"நடந்தா மூச்சு வாங்குதுங்களாம்மா?"

"அதெல்லாம் இல்லீங்க கண்ணு."

"மாடிப்படி ஏறுனா?"

"ஏறுறதில்லீங்களே."

"ஏனுங்கம்மா ஏறுறதில்லை?"

"மேல கொரங்குங்க."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கொரங்கப் பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லீங்க. ஒண்ணக்கூடப் பாத்ததில்லை."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று எழுந்தார். "நெஞ்சுல கேக்கற சத்தமும் இந்தக் காகிதமும் ஒத்துப்போகலைங்க. நானே பாத்துடறேன். நீங்களும் உள்ள வாங்க."

உள்ளே போனேன். இருட்டு அறை. திரையில் சாம்பல் நிறத்தில் அவளுடைய இதயம் அசைந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். வால்வின் மூன்று இதழ்களும் பூப்போல விரிய வேண்டுமாம். இவளுடையது சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டிப் போய், விரிய மனமில்லாமல் கொஞ்சம் விலகி மறுபடி மூடிக்கொண்டது. இடது பக்கத்திலிருந்து பார்த்தபோது வந்த எண் பழைய அறிக்கையை ஒட்டியே இருந்தது.

"இப்ப வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா. துணிய நல்லா விலக்கிக்கோங்க. கொஞ்சம் அழுத்துவேன்."

அவள் திரும்பினாள். டாக்டர் மார்பு எலும்பின் வலது ஓரத்தில் கருவியைச் சாய்த்து அழுத்தினார். விலாவில் வலித்திருக்க வேண்டும். அவள் என் விரலைப் பிடித்தாள். கருவியிலிருந்து வந்த சத்தம் மாறியது. அதுவரை துணியை உதறுவது போல் இருந்தது, குக்கர் விசில் அடிப்பதற்கு முந்தின சீறலாகக் கூர்மையானது. திரையில் எண் ஏறியது. டாக்டர் படத்தை நிறுத்திக் கோடு போட்டு அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

"மிதமில்லைங்க" என்றார். "ரொம்பக் கடுமை. எப்பவோ வந்திருக்கோணும்."

வால்வை மாற்ற வேண்டும். மார்பைத் திறந்து செய்யும் ஆபரேஷனை இவளுடைய பலவீனமான நுரையீரல் தாங்காது; தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வை வைக்கலாம். அதற்கு முதலில் ஒரு சிறப்பு சிடி ஸ்கேன் வேண்டும். வால்வின் வாய் எத்தனை அகலம், தொடை வழி நேராக இருக்கிறதா, வால்வில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்று அது சொல்லும்.

"பொம்பளைங்களுக்குக் கணக்கு வேறைங்கம்மா. ஆம்பளைங்கள விட கம்மியாப் படிஞ்சிருந்தாலே அடைப்பு எச்சா இருக்கும்."

"அதுலயும் எங்களுக்குக் கம்மிதானுங்களா?" என்று சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். அவளுக்கு டாக்டரைச் சிரிக்க வைத்ததில் திருப்தி.

அந்த ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் டாக்டர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே வால்வு நோயாளிகளை ஒரு குழு பரிசீலித்துத்தான் வரிசை போடும், கடுமையானவர்களுக்கு முன்னுரிமை. அடுத்த ஸ்கேனுக்கு முன்பக்கம் திறக்கிற உடை போட்டு வரச் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பக்கத்துத் தெரு தையற்காரம்மாவிடம் நின்று, முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி இரண்டு தைக்கச் சொன்னாள். அளவு கொடுத்தாள். ஒன்று ஊதா, ஒன்று பச்சைப் பூ.

நான் வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினேன். குழுவுக்கு மனு. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. கோபம் இருந்ததால் நன்றாகவே எழுத வந்தது. மூன்றாம் பத்தியில் முதல் ஸ்கேன் சென்டரை எடுத்துக்கொண்டேன்: "மேற்படி டெக்னீஷியன் வலப்பக்க அளவீட்டை மேற்கொள்ளாமல் அலட்சியமாக அறிக்கை அளித்ததால், நோயின் கடுமை மறைக்கப்பட்டுள்ளது." அவளிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுல என்ர பேரு எப்பதானுங்க வருது?"

"இணைப்பு ஒண்ணுல வரும் அம்மணி. அவசரப்படாதே."

"நோவு எனக்கு, மனு உங்களுக்கு." கீரையை உருவுவதை நிறுத்தினாள். "அந்தத் தம்பியப் பத்தி எழுதுனத எடுத்துப்போடுங்க."

"எதுக்கு எடுக்கணும்? அவன் செஞ்சது தப்பு. விதி இருக்குது."

"அவரு வேலைக்கு வெனை வந்துடுமுங்க."

"வரட்டும்."

காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அந்தத் தம்பி கேட்டுச்சுங்க. வலது பக்கந் திரும்புங்கம்மா, கொஞ்சம் துணிய விலக்கோணும்னு சொல்லுச்சு. நாந்தான் போதுஞ் சாமி, இவ்வளவு போதும்னு சொல்லிப்போட்டேன். அதுவும் செரிங்கம்மான்னு விட்டுருச்சு. நல்ல புள்ளைங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் பாத்துச்சு."

நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வேண்டாம் என்றாள்; அவர் சரி என்றார். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். யாரும் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. அறிக்கையில் ஓர் எண் மட்டும் குறைந்தது. இதற்கு எந்தப் பிரிவில் நடவடிக்கை எடுப்பது என்று என் சர்வீஸில் படித்ததில்லை.

"சரி, நோயாளி மறுத்ததால்னு எழுதறேன்."

"ஐயோ, அதை எழுதாதீங்க. பத்து டாக்டருங்க உக்காந்து படிப்பாங்க. மானம் போயிருமுங்க."

அதையும் எழுதவில்லை. அந்தப் பத்தியே இல்லாமல் மனு போனது. மொழி சுத்தம், இணைப்பு முழுமை, காரணம் மட்டும் இல்லை.

சித்திரையில் குழுவிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. குறுகிய இடைவெளியில் எடுத்த இரு அறிக்கைகளும் முரண்படுகின்றன. ஒன்று மிதம் என்கிறது, ஒன்று கடுமை என்கிறது. வேறுபாட்டுக்கான காரணத்தைத் தெரிவிக்கவும். அதுவரை மிதமான பிரிவில் வரிசை தொடரும். நானாக இருந்தாலும் அப்படித்தான் குறிப்பு எழுதியிருப்பேன். டாக்டருக்குப் போன் செய்தேன். அவர், தான் குழுவில் பேசுவதாகவும், ரொம்பத் தாமதமானால் வேறு ஊருக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். போனை வைத்ததும் இவள், "அந்த டாக்டர் புள்ள நமக்காக அங்க சொல்லி வெச்சிருக்குது. நாம வேற பக்கம் போனா அது மூஞ்சிய எங்கீங்க வெச்சுக்கும்?" என்றாள். நானும் கோப்பு நகர ஆரம்பித்துவிட்டது என்றே நம்பினேன். நகரும் கோப்பைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது என்பது என் மதம் மாதிரி.

குறிப்பை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் காலை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு வெள்ளைத்தாளு குடுங்க" என்றாள். பேனாவை வாங்கிக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்ததும் என்னைப் பார்க்காமல் தள்ளினாள்.

"மார்பின் வலது பக்கம் பார்க்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அந்தத் தம்பி மேல் தவறு இல்லை. இப்போது நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்."

கீழே கையெழுத்து. நான் முப்பது வருடம் எழுதிய எல்லாக் கடிதங்களையும் அடுக்கி வைத்தாலும் அந்த நான்கு வரியில் இருந்த தெளிவு வராது. பொருள், பார்வை எதுவும் சேர்க்காமல் அப்படியே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதன் பிறகு ஒரு மாதிரி உற்சாகமாக இருந்தாள். மறைக்க எதுவும் இல்லை என்றான பின் நடக்கும்போது தாராளமாக நின்று மூச்சு வாங்கினாள். "பாருங்க, இதுதான் கொரங்கு" என்று நெஞ்சைக் காட்டிச் சிரிப்பாள். தைத்த நைட்டிகள் வந்தன. பொத்தான் துளை பெரிதாக இருக்கிறது என்று தையற்காரம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, சரி செய்து வாங்கினாள். துவைத்து, மடித்து, ஆஸ்பத்திரிப் பையில் வைத்தாள். குழு இருக்கிறது, கோடை விடுமுறை முடிந்ததும் கூடும் என்றார்கள். கூடியது, பட்டியல் தயாராகிறது என்றார்கள். எனக்கு இந்த வாக்கியங்கள் எல்லாம் தெரியும். என் வாயாலேயே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனியில் ஒரு காலை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். "அண்ணா, எங்கீங்க இருக்கறீங்க? சீக்கிரம் ஊட்டுக்கு வாங்க." என்ன என்று கேட்டேன். "வாங்க சொல்றேன்" என்றார். எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியைப் போனில் சொல்வது மரியாதை இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் என்ன காரணத்தாலோ வரிசையை விட்டு விலகவில்லை. என் முறை வந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

காய் வண்டியில் சுரைக்காய் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முற்றலா பிஞ்சா என்று நகத்தால் கீறிப் பார்த்தாளாம். "சித்தெ இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். நான் போனபோது போர்ட்டிகோவில் படுக்க வைத்திருந்தார்கள், அவள் இறக்கிக் கட்டிய கொடிக்குக் கீழே. காய்க்காரர் வண்டியை விட்டு நகராமல் அழுதுகொண்டிருந்தார்.

டாக்டர் வந்திருந்தார். கூட்டத்தில் ஓரமாக நின்று, "இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம் சார், நான்" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. காரியம் முடிந்த அன்று முதல் ஸ்கேன் சென்டரின் டெக்னீஷியனும் வந்தார். கல்யாணத்தில் தட்டை வாங்கிய பெண்ணின் வீட்டுக்காரருக்கு நண்பராம், அப்படிக் கேள்விப்பட்டிருக்கிறார். வலது பக்கம் விடுபட்டதால் நேர்ந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. "அம்மா ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க சார். போகும்போது நல்லா இரு சாமின்னாங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சாப்பிட்டார். மனுவிலிருந்து அவள் எடுக்கச் சொன்ன வரியை நானாகத் திரும்பச் சேர்க்க முடியாது.

ஆடி பிறந்தது. பேரூரில் திதி கொடுக்கலாமா, வருடம் திரும்பாமல் கூடாதா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. விதியில் இரண்டு கருத்து இருந்தால் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது நான் சர்வீஸில் கற்றது. போனேன். நொய்யல் படித்துறையில் அங்கும் டோக்கன்தான். தர்ப்பையும் எள்ளும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பதிவுத் தபாலில் கேட்டதற்கு எஸ்எம்எஸ்ஸில் பதில்.

அவள் பெயரைச் சொல்லி, வணக்கம் என்று தொடங்கியிருந்தார்கள். முதல் வரியிலேயே அவள் பெயர். விளக்கம் ஏற்கப்பட்டது. கடுமையான பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளீர்கள். வால்வு சிடி ஸ்கேனுக்கு நாள் ஒதுக்கப்பட்டுள்ளது. காலையில் காப்பி, டீ தவிர்க்கவும். முன்பக்கம் திறக்கும் உடை அணிந்து வரவும். வர இயலாவிட்டால் எண் இரண்டை அனுப்பவும். அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குத் தரப்படும்.

அடுத்தவர் யாரோ. அவரும் எங்கேயோ ஒரு மாடிப்படியைத் தவிர்த்துக்கொண்டிருப்பார். நான் தாமதித்தால் அவர் காத்திருக்க வேண்டும். அது இவளுக்குப் பிடிக்காது. எள் ஒட்டிய விரலால் இரண்டை அழுத்தி அனுப்பினேன்.

பதில் வரப்பெற்ற நாள்: ஆடி அமாவாசை.